காய்ந்துபோன சுருட்டை மீட்டெடுத்தல்

வணக்கம் நேயர்களே. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வருகிற உறவுகள் வீட்டுப் பெரியவருக்கென்று ஒரு பெட்டி கியூபாச் சுருட்டு கொண்டுவருவது யாழ்ப்பாணத்தில் புதிதல்ல. ஹீட்டர் ஓடும் வீட்டில் இரண்டு மூன்று பனிக்காலம் கிடந்த பெட்டியென்றால், திறக்கும்போது உள்ளே சருகுதான் இருக்கும். மெல்ல அழுத்தினாலே நொறுங்கும் சத்தம் கேட்கும், மேலிலை செதில் செதிலாக உதிரும். எறிந்துவிடுங்கோ என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். எறிய வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

புகைத்தல் உடலுக்குக் கேடு. அதில் மாற்றுக் கருத்தில்லை. யாரையும் பழகச் சொல்லவும் இல்லை. ஆனால் சுருட்டுக் கொட்டில்களைக் கண்டு வளர்ந்த ஊர் இது. கையால் சுற்றிய ஒரு பொருளுக்குள் எவ்வளவு உழைப்பு என்று நமக்குத் தெரியும். அது கவனக்குறைவால் பாழாவதைப் பார்க்க மனம் வரவில்லை.

கொட்டிலில் இலைக்குத் தண்ணீர் தெளித்து, பதம் வந்த பிறகுதான் சுற்றுவார்கள். அதை நினைத்து, காய்ந்த சுருட்டுக்கும் தண்ணீர் தெளிப்பவர்கள் உண்டு. ஈரத்துணியில் சுற்றுவார்கள், தோடம்பழத் தோலோடு பெட்டியில் மூடுவார்கள். இவை எதுவும் வேண்டாம். தனி இலை ஒரே நேரத்தில் நனைந்துவிடும். சுற்றிய சுருட்டில் உள்ளிலை, கட்டிலை, மேலிலை என்று மூன்று அடுக்கு. அவசரமாக ஈரம் ஏறினால் மூன்றும் ஒரே அளவில் உப்பாது. காய்ந்து மெலிந்த மேலிலைதான் முதலில் வெடிக்கும். பழத்தோல் போட்டால் பூஞ்சணமும் சேர்ந்து வரும்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போதும். சுருட்டை அதன் மரப்பெட்டியோடு, மூடியைச் சற்றுத் திறந்து, உள்ளே வையுங்கள். ஈரப்பதத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல சிறு பொதிகள் விற்கிறார்கள். பொவேடா என்பது அதில் தெரிந்த பெயர். 62 சதவீதப் பொதியில் தொடங்கி, சில வாரம் கழித்து 65. வாரம் ஒருமுறை சுருட்டுகளை மெல்லப் புரட்டிவிட்டால் போதும். நன்றாகக் காய்ந்ததென்றால் மாதக்கணக்கில் ஆகும், சரி, ஆகட்டும். 70 வரை போகலாம் என்பார்கள். நமது வெக்கைக்கு 65-இல் நிறுத்துவது நல்லது என்பது என் எண்ணம்.

ஈரப்பதமானி வாங்கினால் முதலில் அதைச் சோதியுங்கள். போத்தல் மூடியொன்றில் தூள் உப்பைப் போட்டு, சேறுபோலக் குழைய மட்டும் சில துளி தண்ணீர் விடுங்கள். உப்புக் கரைந்து தண்ணீராக நிற்கக் கூடாது. மூடியையும் மானியையும் ஒரு பையில் இறுக்கிக் கட்டி ஓர் இரவு வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75-இல் நிற்கும். மானி 71 காட்டினால், இனி அது சொல்வதோடு நாலைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனையிறவுக் கல்லுப்புச் சமையலுக்கு அருமை. இதற்குச் சுத்தமான தூள் உப்புத்தான் சரி, கல்லுப்பில் வேறு உப்புகளும் கலந்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நமது காற்றே 80-ஐத் தாண்டும். அந்த நாட்களில் காய்ந்த பெட்டியை மேசையில் திறந்து வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியும் கூடாது, அதற்குள் இன்னும் காயும்.

ஊசி குத்தியதுபோல் சிறு துளைகள் தெரிந்தால் அது புகையிலை வண்டு. வெக்கையில் முட்டை பொரிக்கும். எல்லாச் சுருட்டையும் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் உறைபெட்டியில், பிறகு ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், அதன்பின் வெளியே எடுங்கள். பச்சை நிறத்தில் பஞ்சுபோல் பூத்திருந்தால் அந்தச் சுருட்டை மட்டும் எறிந்துவிடுங்கள்.

பறந்துபோன எண்ணெய் திரும்பாது. வாசமும் பழையபடி முழுதாக வராது. இலை மட்டும் இளகிவிடும். அழுத்தும்போது சத்தமில்லாமல் அமுங்கி, விரலை எடுத்ததும் மெல்ல நிமிர்ந்தால் பதம் வந்துவிட்டது. நொறுங்கும் சத்தம் இன்னும் கேட்டால் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். நன்றி, வணக்கம்.