எலுமிச்சம்பழம் பறித்து வந்தவன்

அனைவருக்கும் வணக்கம்.

சொதி என்று சொன்னதுமே இங்கே பாதிப் பேர் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் மறுவீட்டுப் பந்தியில், இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் துணைக்கு வர இலையில் ஊற்றுவார்களே, தேங்காய்ப்பாலில் காயும் பாசிப்பருப்பும் போட்டுச் செய்கிற எங்கள் திருநெல்வேலிக் குழம்பு, அந்த மாப்பிள்ளைச் சொதியைத்தான் சொல்கிறேன். இரண்டு குடும்பங்கள் உறவாக உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு அது.

எங்கள் வீடு திருநெல்வேலியில், தாமிரபரணிக் கரையோரம் சிந்துபூந்துறையில். 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி எங்கள் அடுப்படிக்குள் வந்துவிட்டது. அம்மா இறந்து அப்போது நான்கு வருஷம். அவள் சமையல் குறிப்பு எழுதிய நோட்டு பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. தண்ணீர் வடிந்ததும் எடுத்துப் பார்த்தேன். மை கரைந்து பக்கமெல்லாம் நீலம். ஒரு எழுத்து மிஞ்சவில்லை. அம்மா போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அடுத்த கோடை லீவில், அம்மாவின் சொதியை ஞாபகத்தில் இருந்தே வைத்துப் பார்க்க அக்கா வீட்டில் கூடினோம். அக்கா தேங்காய் துருவி மூன்று பால் எடுத்தாள். மூன்றாம் பாலில் காய் வெந்தது. பாசிப்பருப்பு அரை உழக்கு என்று தங்கைக்கு ஞாபகம் இருந்தது. முதல் பால் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்கினோம், கொதித்தால் திரிந்துவிடும். அக்கா எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தாள்.

நிலைப்படியில் நின்ற என் நண்பன், ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டவன், பதறிவிட்டான்.

"இப்பப் பிழியாதீங்கக்கா. சூடு ஆறட்டும். அம்மா இலை போடச் சொல்லிட்டுத்தான் என்கிட்ட பழத்தைக் கேப்பாவ."

"உனக்கு எப்படிலே தெரியும்?"

"நான்தானே கொல்லைல போயி பறிச்சிட்டு வருவேன்."

பிள்ளைகள் நாங்கள் இலை முன்னால் காத்திருந்தோம். அவன் அடுப்படியில் அம்மா பக்கத்தில் நின்றான். நோட்டிலும் அது இருந்திருக்குமா என்று தெரியாது. அன்றைக்குச் சொதி அம்மா கைப்பக்குவத்தில் வந்தது. முதல் வாய் வைத்த அக்கா, சாப்பிட்டு முடிக்கும் வரை பேசவே இல்லை.

போன மாதம் அவனுடைய அப்பா தவறிவிட்டார். அந்த வீட்டில் அடுப்பு பற்றவில்லை. அக்கா தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனாள். அவன் பிள்ளைகள் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உங்கள் தாத்தா சுக்குக் காப்பியில் கருப்பட்டியைக் கரைக்க விடமாட்டார், தனியாகக் கடித்துக்கொண்டுதான் குடிப்பார், எனக்கும் ஒரு துண்டு உடைத்துத் தருவார் என்று சொன்னேன். அவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. "இன்னும் சொல்லுங்க மாமா" என்றான் சின்னவன்.