கலவர நேரத்தில் உங்கள் வீட்டுக்குள் முதலில் நுழைவது எது?

2013 ஏப்ரல் 15. பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அடுத்த சில வாரங்களில் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கானவர்களிடம் மனநிலை பற்றிக் கேள்வி கேட்டார்கள். அதிகம் ஆடிப்போயிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? குண்டு வெடித்த இடத்தில் நின்றவர்கள் என்றுதானே? இல்லை. அந்த வாரம் முழுக்க ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள்! ஏற்கெனவே பதற்றமானவர்கள்தான் அதிகம் பார்த்திருப்பார்கள் என்று உடனே கமெண்டில் கேட்பீர்கள், தெரியும். முன்பே இருந்த மனநலப் பிரச்சினைகளைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு அப்படியே இருந்தது.

(திரையில்: இருட்டு அறை, ஃபோன் வெளிச்சத்தில் ஒரு முகம்)

போராட்டம், கல்வீச்சு, ஊரடங்கு, இணைய முடக்கம். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், இன்றைக்கு நாம் காரணத்துக்குள் போகப்போவதில்லை. அந்த நாட்களில் நம்மையும் அக்கம்பக்கத்தையும் எப்படிப் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான்.

முதலில் வதந்தி. இந்த வீடியோவின் பாதி இதுதான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

1940-களில் கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மேன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வதந்திக்கு ஒரு சூத்திரம் சொன்னார்கள். விஷயம் நமக்கு எவ்வளவு முக்கியம், அதைப் பற்றிய தகவல் எவ்வளவு குழப்பமாக இருக்கிறது, இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வதந்தியின் பலம். கவனியுங்கள், கூட்டல் இல்லை, பெருக்கல். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்! கலவரம் நடக்கும்போது அது முக்கியமே இல்லை என்று யாரையும் நம்பவைக்க முடியாது, அந்தப் பக்கம் நம் கையில் இல்லை. குழப்பத்தைக் குறைப்பது மட்டும் நம்மால் முடியும்.

இப்போது ஒரு சராசரி ஃபார்வர்டைப் பிரித்துப் போடுவோம்.

(திரையில்: "இப்பதான் நடந்தது. ஸ்டேஷன் பக்கம் யாரும் போகாதீங்க. என் ஃப்ரெண்டோட மாமா போலீஸ்ல இருக்கார், அவரே சொன்னது. எல்லாருக்கும் அனுப்புங்க.")

"இப்பதான்" என்றால் எப்போது? இந்தச் செய்தி மூன்று நாள் கழித்து உங்களுக்கு வந்தாலும் "இப்பதான்" தான். எந்த ஸ்டேஷன்? தெரியாது. மாமாவுக்குப் பெயர் கிடையாது. உலகத்தில் இருக்கிற எல்லா குரூப்புக்கும் இதே மாமாதான் வேலை பார்க்கிறார் போல. கடைசி வரி மட்டும் தெளிவோ தெளிவு: எல்லாருக்கும் அனுப்பு. தகவல் பூஜ்யம், வேகம் நூறு. 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அலசியது. பொய்ச் செய்தி 1,500 பேரைப் போய்ச் சேர, உண்மைச் செய்தியை விட ஏறக்குறைய ஆறு மடங்கு வேகமாக ஓடியிருக்கிறது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தும் நிலைமை மாறவில்லை. ஓடவிட்டது மனிதர்கள், அதாவது நாம்தான்.

அதே குரூப்பில் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்.

(திரையில்: "மாலை 4:20. பாலத்துக்குக் கிழக்கே கடைகள் மூடியிருக்கின்றன, சாலை திறந்திருக்கிறது. என் மாடியிலிருந்து பார்த்தேன். மேற்குப் பக்கம் என்ன நிலைமை என்று தெரியவில்லை. 5 மணிக்கு மறுபடி பார்த்துச் சொல்கிறேன்.")

நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, எப்படித் தெரியும் என்பது இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிக்குத்தான் விலை அதிகம். அடுத்த தகவல் 5 மணிக்கு வரும் என்று தெரிந்தால், நடுவில் இருக்கும் நாற்பது நிமிடத்தை மாமா வந்து நிரப்ப மாட்டார். "தெரியவில்லை" என்று எழுதக் கூச்சப்படவே வேண்டாம். பொய்யை மறுக்கும்போது மட்டும் அந்தப் பொய்யையே தலைப்பாகப் போடாதீர்கள், உண்மையை முதல் வரியில் வையுங்கள். அப்புறம், வேடிக்கை பார்க்கப் போய் கூட்டத்துக்கு நடுவில் நிற்காதீர்கள். காயம்பட்டவர்களின் முகம், யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பது, இவையெல்லாம் எந்த குரூப்பிலும் வரவே கூடாது. அட்மின்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

சரி, தெருவுக்கு வருவோம். கண்ணீர்ப்புகை. அது புகையும் இல்லை, வாயுவும் இல்லை! அதிகம் பயன்படும் சி.எஸ். என்ற ரசாயனம், சாதாரண வெப்பத்தில் ஒரு திடப்பொருள். 1928-இல் அதைத் தயாரித்த கார்சன், ஸ்டாட்டன் இருவரின் பெயரின் முதல் எழுத்துகள்தான் சி.எஸ். கடுகு நெடி ஏறும்போது மூக்கில் சுரீரென்று எரிகிறதே, அந்த எரிச்சலை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் இதுவும் தட்டி எழுப்புகிறது. இன்னொரு வினோதம்: 1993-இல் கையெழுத்துக்கு வந்த ரசாயன ஆயுத உடன்படிக்கை இதைப் போர்முறையாகப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. உள்நாட்டில் கூட்டத்தைக் கலைக்க மட்டும் அனுமதி உண்டு. எதிரிநாட்டுப் படை மேல் போடக்கூடாது, சொந்த ஜனங்கள் மேல் போடலாம். இதை நான் எப்படி விளக்குவது?

நுண்ணிய தூள் என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் புரிந்துவிடும். கண்ணைக் கசக்கினால் தூளை உள்ளே தேய்க்கிறீர்கள். காற்று எங்கிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் நகருங்கள், பள்ளமான இடத்தில் நிற்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, சுத்தமான தண்ணீரால் 10, 15 நிமிடம் கண்ணைக் கழுவுங்கள். பால் வேண்டாம், அது கிருமி நீக்கியதல்ல. சட்டையைத் தலை வழியாக இழுத்தால் எல்லாம் முகத்தில் கொட்டும். பட்டன் இருந்தால் அவிழ்க்கலாம், இல்லையென்றால் வெட்டுங்கள், பையில் போட்டுக் கட்டுங்கள். விழுந்த குண்டைக் கையால் எடுக்கவே கூடாது, கொதிக்கும். ஆஸ்துமா இருப்பவர்களும், மூச்சுத்திணறல் குறையாதவர்களும் மருத்துவரிடம் போக வேண்டும்.

கூட்ட நெரிசலில் பலர் நின்றபடியே, மூச்சு விட இடமில்லாமல்தான் இறக்கிறார்கள். அதனால் கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள், விழுந்த செருப்புக்காகக் குனியாதீர்கள்.

இப்போது அக்கம்பக்கம். இணையம் போய்விடும், சார்ஜ் இறங்கிவிடும் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். ஒரு காகிதம், ஒரு பேனா. உங்கள் தெருவில் இன்சுலின் போடுபவர் யார்? வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர்? மின்சாரம் இல்லாவிட்டால் ஆக்சிஜன் கருவி நின்றுவிடும் வீடு? பிரசவ தேதி நெருங்கியவர், தனியாக இருக்கும் முதியவர்? அவர்களைக் கேட்டு, சம்மதத்தோடு, எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். யாரைக் குறிவைத்துக் கலவரம் நடக்கிறதோ அந்தக் குடும்பம் உங்கள் பக்கத்து வீடாக இருந்தால், என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். நீங்களாக முடிவெடுத்து நாலு பேரிடம் "பாதுகாப்பு" பேசினால், அவர்கள் இருக்கும் இடத்தைத்தான் ஊருக்குச் சொல்கிறீர்கள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு நடுங்கிக்கொண்டு ஒருவர் வந்தால்? உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி (மனதுக்கான முதலுதவி) வழிகாட்டியின் சாரம் மூன்றே வார்த்தை: பார், கேள், இணை. பாதுகாப்பாக இருக்கிறாரா என்று பாருங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள், தேவையான உதவியோடு இணைத்துவிடுங்கள். "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று தோண்டாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் டிவியை அணைத்துவிடுங்கள். ஒரே காட்சி பத்து தடவை வந்தால், சின்னக் குழந்தைக்கு அது பத்து தடவை நடந்ததுபோலத் தோன்றலாம்.

நீங்கள் கடைசியாக நம்பி ஏமாந்த ஃபார்வர்டு எது? கமெண்டில் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். தயவுசெய்து அதை அப்படியே ஒட்டிவிடாதீர்கள், மாமா இங்கேயும் வந்துவிடுவார்.