கிடங்கு நிரம்பி வழிந்தது, அலமாரி காலி

நேயர்களுக்கு வணக்கம்.

முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடையில் எது தீர்ந்தது, எது தேங்கியது என்று தலையைத் திருப்பினாலே தெரிந்துவிடும். அதே கடை நூறு கிளைகளாகப் பெருகினால்? பில், கிடங்கு, கொள்முதல் என்று சிதறிக் கிடக்கும் கணக்கையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து மேலாளர் கண்முன் வைக்கும் மென்பொருளைத்தான் பிசினஸ் இன்டெலிஜென்ஸ், வணிக நுண்ணறிவு என்கிறோம். ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-லேயே இந்தப் பெயரில் கட்டுரை எழுதியிருக்கிறார்.

2004-இல் பிரான்சிஸ் புயல் புளோரிடாவை நெருங்கியபோது, சில வாரம் முன்பு அடித்த சார்லி புயலின் விற்பனைக் கணக்கை வால்மார்ட் தோண்டிப் பார்த்தது. டார்ச் லைட் விற்கும் என்பது யாருக்கும் தெரியும். ஆனால் ஸ்ட்ராபெரி பாப் டார்ட்ஸ் என்ற தின்பண்டம் வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்றிருந்தது! லாரிகள் அதை ஏற்றிக்கொண்டு கிளம்பின. மென்பொருள் விற்க வருகிறவர்கள் இந்தக் கதையைத் தவறாமல் சொல்வார்கள். டார்கெட் கதையைச் சொல்லமாட்டார்கள்.

அமெரிக்காவின் பெரிய சில்லறை வணிக நிறுவனமான டார்கெட், 2013 மார்ச்சில் கனடாவில் கடை திறந்தது. புத்தம் புதிய கணினி அமைப்பு. பல்லாயிரம் சரக்குகளின் விவரத்தை அவசர அவசரமாக அதில் ஏற்றினார்கள். சென்டிமீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் அங்குலம். நீளம் இருக்கவேண்டிய இடத்தில் அகலம். அமெரிக்காவில் கிட்டத்தட்ட முழுக்கச் சரியாக இருந்த பதிவுகள், கனடாவில் முப்பது சதவீதம்தான் தேறின என்று பின்னர் ஒரு பத்திரிகை விசாரணை எழுதியது. அலமாரியில் எத்தனை பெட்டி அடங்கும் என்பதைக் கணினி இந்த அளவுகளை வைத்துத்தான் கணக்குப் போடும். கிடங்குகள் நிரம்பி வழிந்தன. கடைக்கு வந்தவர்கள் வெற்று அலமாரியைப் பார்த்துத் திரும்பினார்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சரக்கு தீர்ந்தால் தானாகவே ஆர்டர் போகும் வசதி அந்த அமைப்பில் இருந்தது. எந்தப் பொருள் எத்தனை சதவீதம் இருப்பில் உள்ளது என்பதை வைத்துத்தான் ஊழியர்களின் வேலையும் எடைபோடப்பட்டது. சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? தீர்ந்துபோன பொருளுக்கு அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிட்டார்கள். அணைத்துவிட்டால் அந்தப் பொருள் பற்றாக்குறைக் கணக்கிலேயே வராது. மேலிடத்துத் திரையில் இருப்பு விகிதம் அழகாகத் தெரிந்தது. இதைக் கண்டுபிடிக்கவே நாளாயிற்று.

அந்த ஊழியர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரையை வைத்துத் திட்டுகிற மேலாளருக்குக் கீழே இருப்பவர் திரையைத்தான் முதலில் சரிசெய்வார். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாளில் வகுப்பறை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்!

2015 ஜனவரியில் டார்கெட் கனடாவை விட்டே வெளியேறுவதாக அறிவித்தது. 133 கடைகள் மூடப்பட்டன, சுமார் 17,600 பேருக்கு வேலை போயிற்று. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, கடை திறந்த வேகமும் அதில் ஒன்று. ஆனால் வெற்று அலமாரியை வாடிக்கையாளர் மறக்கவில்லை.

இப்படியொரு அமைப்பை வாங்க யோசிக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது, எந்த மென்பொருள் நல்லது என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: உங்கள் ஸ்டோர் கீப்பர் சட்டைப் பையில் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறாரா? பெரும்பாலும் வைத்திருப்பார். கணினிக் கணக்கு மாதக் கடைசியில்தான் நேராகும், அதுவரை நோட்டுதான் அவருக்குத் துணை. அவரைக் கடிந்துகொள்ளாமல் அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். பத்துச் சரக்கை எடுத்து, திரையில் ஒரு தடவை, நோட்டில் ஒரு தடவை, கிடங்கில் கையால் ஒரு தடவை எண்ணுங்கள். மூன்றும் ஒத்துப்போகிற வரைக்கும் புதுத் திரைக்கு முன்பணம் கட்டவேண்டாம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.