டாக்ஸி ரேடியோவில் அல்ஜீரியா

நேயர்களுக்கு வணக்கம். பிரெஞ்சு சினிமா என்றதும் பாரிஸ் தெருவும் காபிக் கடையும் சிகரெட் புகையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் படங்களில் பிரான்சின் காலனிகளைத் தேட வேண்டுமென்றால், கண்ணை விடக் காதைத்தான் நம்ப வேண்டும் என்பேன்.

பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வர்தாவின் ‘க்ளியோ 5 முதல் 7 வரை’ படம் 1962இல் வந்தது. புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தோடு பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு பாடகியின் மாலைப்பொழுதுதான் கதை. டாக்ஸியில் போகும்போது ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்து மிரள்கிறாள். பிரான்சிடமிருந்து விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த அதன் காலனியான அல்ஜீரியாவின் செய்தியை டாக்ஸி ரேடியோ வாசிக்கிறது. கடைசியில் பூங்காவில் அவளோடு பேசும் இளைஞன், விடுப்பு முடிந்து அன்றைக்கே அல்ஜீரியப் போருக்குத் திரும்ப வேண்டிய சிப்பாய். செய்தியாகவும் சீருடையாகவும் அல்ஜீரியா வந்துவிடுகிறது. அல்ஜீரியர் மட்டும் வாய் திறப்பதில்லை.

வர்தாவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அல்ஜீரியப் போரைத் தொட்ட இன்னொரு பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் ‘சின்னச் சிப்பாய்’ 1960இல் எடுக்கப்பட்டு, தணிக்கையில் சிக்கி, போர் முடிந்த பிறகு, 1963இல்தான் திரைக்கு வந்தது. அந்தக் காலத்தில் ரேடியோச் செய்தியை உள்ளே விட்டதே துணிச்சல்தான். கதைக்குள் ஓரமாகக் கிடக்கும் இந்த மாதிரி விஷயங்களையும் மையக் கதையோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சயித் நாவல்களை வைத்துச் சொன்னார். சினிமாவுக்கும் அது பொருந்துகிறது.

சரி, காலனியில் இருந்தவர்களே கேமராவை எடுத்திருக்கலாமே? அதைக் கட்டுப்படுத்தத்தான் 1934இல் பிரெஞ்சு அரசின் லவால் ஆணை வந்தது. பிரெஞ்சு ஆப்பிரிக்காவில் படம் எடுக்க அரசின் அனுமதி வேண்டும் என்றது அது. பாரிஸில் திரைப்படம் படித்த பவுலின் வியெரா, ஆப்பிரிக்காவில் எடுக்க அனுமதி கிடைக்காததால், 1955இல் நண்பர்களோடு சேர்ந்து பாரிஸில் வாழும் ஆப்பிரிக்கர்களைப் படம் பிடித்தார். ரெனே வொத்தியே என்ற பிரெஞ்சு இளைஞர் காலனி நிர்வாகத்தின் கொடுமைகளைப் படமாக்கியதற்குச் சிறைத் தண்டனையே பெற்றார்.

அப்புறம் 1966இல் உஸ்மான் செம்பேன் வருகிறார். செனகல்காரர், மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நாவலாசிரியர். செய்தித்தாளில் வந்த ஒரு சிறு செய்தியிலிருந்து பிறந்தது அவருடைய ‘லா நுவார் தெ...’ (‘...இன் கறுப்புப் பெண்’) என்ற படம். தியுவானா என்ற பெண்ணை ஒரு பிரெஞ்சுத் தம்பதி செனகலின் டாக்கரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வைத்து, பிறகு பிரான்சின் ஆந்திப் நகருக்கு வரவழைக்கிறது. அங்கே சமையல், துவைப்பு, தரை துடைப்பு எல்லாம் அவள் தலையில். விருந்துக்கு வந்த ஒருவன், கறுப்புப் பெண்ணை முத்தமிட்டதே இல்லை என்று சொல்லிக்கொண்டு எழுந்து அவளை முத்தமிடுகிறான். மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

வீட்டுக்காரர்களிடம் அவள் பேசுவது ‘சரி ஐயா’, ‘சரி அம்மா’ அளவுதான். ஆனால் அவள் மனம் பேசுவது நமக்கு முழுதாகக் கேட்கிறது: எங்கே பிரான்ஸ்? இந்தச் சமையலறையும் வரவேற்பறையும்தானா? வர்தா படத்தில் பின்னணிச் சத்தமாக இருந்த காலனி, இங்கே கதை சொல்லும் குரலாகிவிடுகிறது. முகமூடியும் மாறுகிறது. தியுவானா பரிசாகக் கொடுத்த முகமூடி ஆந்திப் வீட்டின் வெள்ளைச் சுவரில் அலங்காரமாகத் தொங்குகிறது. ஒருநாள் அதைக் கழற்றி எடுத்துக்கொள்கிறாள். எசமானி பிடுங்கப் பார்க்கிறாள், இவள் விடவில்லை. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அநாமதேயமாக இருந்த பொருளுக்கு இங்கே சொந்தக்காரி இருக்கிறாள்.

ஒரு முரண் மட்டும் உறுத்துகிறது. அந்த உள்மனக் குரல் பேசுவது சரளமான பிரெஞ்சு. செம்பேனுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். 1968இல் எடுத்த அடுத்த படமான ‘மண்டாபி’யில் செனகலில் பேசப்படும் வோலோஃப் மொழியைப் பேசவைத்தார். ஆனாலும் பணத்தில் ஒரு பகுதி பிரான்சிலிருந்து வந்ததால், அதே படத்தைப் பிரெஞ்சிலும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.