31 வலையமைப்பு, ஒரே முகவரி

வணக்கம் நேயர்களே. நீரிழிவைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். வேறு தலைப்புத் தாருங்கோ என்று நான்தான் கேட்டு வாங்கினேன். நீரிழிவைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டாம் முறை சோறு போடுகிறோம். ஆனால் எங்கள் பகுதியில் நீரிழிவுக்காரரின் காலைப் பார்க்க ஒரு தாதிக்குக் காசு ஒதுக்குவதா, இளம் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகரை வைப்பதா என்று தீர்மானிப்பது யார்? இதைக் கேட்டால் பலர் "கவுன்மெந்துதானே" என்பார்கள். முழுக்கச் சரியில்லை. இடையில் ஒரு நிறுவனம் இருக்கிறது. பெயர் பிரைமரி ஹெல்த் நெட்வேர்க், அதாவது ஆரம்பச் சுகாதார வலையமைப்பு; சுருக்கமாகப் பி.எச்.என். அவுஸ்திரேலியா முழுவதும் 31 இருக்கின்றன.

இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது? இங்கே ஆஸ்பத்திரிகளை நடத்துவது மாநில அரசுகள். குடும்ப வைத்தியருக்கு மெடிகேர் என்ற அரச மருத்துவக் காப்புறுதி வழியாகக் காசு கொடுப்பது கன்பராவில் இருக்கிற சமஷ்டி அரசு. அம்மா வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறா. எந்த மருந்தை நிறுத்தினார்கள், எதைக் கூட்டினார்கள் என்ற கடிதம் குடும்ப வைத்தியரிடம் போய்ச் சேரவில்லை. அந்தச் சனி, ஞாயிறு யாருடைய பொறுப்பு? இரண்டு அரசுகளுக்கும் நடுவில் இருக்கிற இந்தப் பள்ளத்துக்குப் பாலம் போடத்தான் முப்பது வருசமாக முயற்சி நடக்கிறது.

முதலில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குடும்ப வைத்தியர்களின் பிராந்தியச் சங்கங்கள் வந்தன. டிவிஷன் என்பார்கள். நாடு முழுவதும் நூற்றுக்கு மேல் இருந்தன. உறுப்பினர்கள் வைத்தியர்கள், நிர்வாகசபையும் அவர்களுடையது. குறை என்னவென்றால் அது வைத்தியர்களின் வீடு. தாதியோ, பாமசிக்காரரோ, நோயாளியோ அங்கே விருந்தாளிதான்.

பிறகு 2011 ஜூலையில் தொழிற்கட்சி அரசு மெடிகேர் லோக்கல் என்று புதிதாக ஆரம்பித்தது. மொத்தம் 61. வைத்தியர் மட்டுமல்ல, மற்றத் துறையாரும் சபைக்குள் வரலாம் என்ற நல்ல எண்ணம். ஆனால் பெயர் கெடுத்தது. மெடிகேர் என்றால் சனம் காசு திருப்பி எடுக்கிற அலுவலகத்தைத்தானே நினைக்கும்! ஆட்சி மாறியது. முன்னாள் தலைமை மருத்துவ அதிகாரி பேராசிரியர் ஜோன் ஹோர்வத் 2014இல் ஆய்வு செய்து, பெயர் குழப்புகிறது, ஒரு பிராந்தியத்துக்கும் இன்னொன்றுக்கும் தரத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது, குடும்ப வைத்தியர்கள் ஓரங்கட்டப்பட்டு விட்டார்கள் என்றெல்லாம் எழுதினார். 61ஐயும் மூடினார்கள். 2015 ஜூலை 1ஆம் திகதி 31 பி.எச்.என்.கள் பிறந்தன. பல இடங்களில் அதே ஆட்கள், அதே கட்டடம், வாசலில் மட்டும் புதுப் பலகை.

நல்லதையும் சொல்ல வேணும். எல்லைகளை ஆஸ்பத்திரி வலயங்களோடு பொருத்தியது புத்தியான வேலை. துங்காபி, வென்ட்வேர்த்வில், பிளக்டவுன் பக்கம் இருக்கிற நாங்கள் மேற்கு சிட்னி பி.எச்.என்.னுக்குள் வருகிறோம்; ஆஸ்பத்திரி வலயத்தின் எல்லையும் அதேதான். இரண்டு தரப்பும் ஒரே சனத்தைப் பற்றிக் கதைக்கலாம். கொவிட் காலத்தில் குடும்ப வைத்தியர்களுக்கு முகக்கவசம் போய்ச் சேர்ந்ததும் இந்த வழியால்தான்.

இனி நான் சொல்ல வந்த விசயம். பி.எச்.என். என்பது அரச திணைக்களம் அல்ல. இலாபம் பங்கிடாத ஒரு கம்பனி. பணிப்பாளர் சபைக்கு ஆட்களைத் தகைமை பார்த்து எடுக்கிறார்கள்: ஒருவர் கணக்கியல், ஒருவர் சட்டம், ஒருவர் மருத்துவம். அதற்குக் கீழே குடும்ப வைத்தியர் தலைமையில் ஒரு மருத்துவக் குழு, பக்கத்தில் சமூக ஆலோசனைக் குழு. "ஆலோசனை" என்ற சொல்லைக் கவனியுங்கோ.

நான் அப்படியான ஒரு குழுவில் சில வருசம் இருந்தேன். எந்தப் பிராந்தியம் என்று சொல்லவில்லை. தேத்தண்ணி நல்லாயிருக்கும், மரியாதையும் குறைவில்லை. ஆனால் எங்களிடம் வருகிற திட்டங்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தீர்மானித்தவை. வயதான தமிழாக்களுக்கு ஒரு மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கால் பரிசோதனை நடந்தது. செருப்பைக் கழற்றிப் புண்ணைக் காட்டவே வெட்கப்படுகிற ஆச்சிமார், ஒரு வருசத்தில் அந்தத் தாதியைப் பிள்ளை என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நிதியாண்டு முடிகிற ஜூன் 30 வந்தது, ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. தெரிய வந்தபோது தாதி வேறு வேலைக்குப் போய்விட்டா. நாங்கள் கூட்டத்தில் கேட்டோம். கூட்டக் குறிப்பில் "உறுப்பினர்கள் கவலை தெரிவித்தனர்" என்று ஒரு வரி.

அந்தப் பி.எச்.என். முகாமையாளரில் பிழை சொல்ல மாட்டேன். அவருக்கு வருகிற காசு கன்பராவிலிருந்து தலைப்புத் தலைப்பாக வருகிறது: இது மனநலத்துக்கு, இது போதைப்பொருள் சிகிச்சைக்கு, இது முதியோருக்கு. விருப்பப்படி மாற்றிச் செலவழிக்கக்கூடிய பங்கு சின்னது. உள்ளூர்த் தேவை என்ன என்று பி.எச்.என். ஒரு மதிப்பீடு எழுதும். அந்த வருசம் என்ன செய்யப்போகிறோம் என்ற திட்டத்துக்குக் கன்பராவின் சுகாதாரத் திணைக்களம் ஒப்புதல் கொடுக்க வேணும். பி.எச்.என். நேரடியாகச் சிகிச்சை செய்வதும் பொதுவாக இல்லை. மற்றவர்களிடம் சேவையை வாங்குவதுதான் வேலை. ஆகவே கணக்கு மேலே போகிறது, காசு கீழே வருகிறது, சனம் பக்கத்தில் நிற்கிறது. மேலே போகிற கணக்காவது ஒழுங்கா என்றால், திணைக்களம் இந்த வலையமைப்புகளின் செயற்பாட்டை மேற்பார்வை செய்கிற விதம் ஓரளவுதான் பயன் தருகிறது என்று தேசியக் கணக்காய்வாளர் 2024இல் அறிக்கை கொடுத்தார்.

தேர்தல் வைத்தால் தீருமா? நியூசிலாந்தில் வைத்துப் பார்த்தார்கள். 20 மாவட்டச் சுகாதாரச் சபைகள். ஒவ்வொன்றிலும் ஏழு பேரைச் சனமே வாக்குப் போட்டுத் தெரிவு செய்தது. வாக்களிக்க வந்தது பாதிப்பேருக்கும் குறைவு. 2022 ஜூலையில் இருபதையும் கலைத்து ஒரே தேசிய நிறுவனமாக்கினார்கள். இரண்டு வருசத்தில் அதன் சபையும் போய், ஒரே ஒரு ஆணையாளர் வந்தார். சபைகளில் குறை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு ஊர்க்காரர் பெயர் சொல்லிக் கோபிக்க ஒரு ஆள் இருந்தார். எனக்கு அது பெரிய விசயம்.

இங்கே தேர்தல் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று வருசத்துக்குக் குறையாத ஒப்பந்தம், முடிவதற்கு ஆறு மாதம் முன்னமே பதில், சமூகக் குழு "வேண்டாம்" என்றால் சபை ஏன் கேட்கவில்லை என்று எழுத்தில் காரணம்: இந்த மூன்றும் கிடைத்தாலே அந்தத் தாதி இன்றைக்கும் அந்த மண்டபத்தில் இருந்திருப்பா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். உங்கள் பகுதி பி.எச்.என். சமூகக் குழுவுக்கு ஆள் தேடி அறிவித்தல் போட்டால் விண்ணப்பியுங்கோ. ஆங்கிலம் தடக்குமே என்று யோசிக்க வேண்டாம், எனக்கும் தடக்கியது. போனால் முதல் கூட்டத்திலேயே ஒன்றைக் கேளுங்கோ: "இந்தத் திட்டம் ஜூன் 30க்குப் பிறகு என்ன ஆகும்?" நன்றி, வணக்கம்.