எலியின் தாலமஸ் யார் பேச்சைக் கேட்கிறது?

அடுத்த கேள்விக்கு வருவோம். மூளையின் நடுவில் இருந்துகொண்டு, மேற்பரப்பிலுள்ள கார்டெக்ஸுக்குச் செய்திகளை அனுப்பும் தாலமஸைப் பற்றியது இது. நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், ஒன்றுக்கொன்று செய்தி கொடுக்கும் சந்திப்புதான் சினாப்ஸ். "எலியின் தாலமஸில் புலன்களிலிருந்து வரும் சினாப்ஸ்கள் சுமார் பத்தில் ஒரு பங்குதான், கார்டெக்ஸிலிருந்து திரும்பி வருபவைதான் அதிகம் என்று போன வீடியோவில் சொன்னீர்கள். அப்படியென்றால் தாலமஸ் யார் பேச்சைக் கேட்கிறது? எலியில் பார்த்ததை மனித மூளைக்கும் சொல்லலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

எலியின் மீசையை எடுத்துக்கொள்வோம். மீசை முடி எதிலாவது உரசினால் அந்தச் செய்தி மூளைத்தண்டு வழியாகத் தாலமஸின் விபிஎம் என்ற பகுதிக்கு வரும். அங்கே ஒவ்வொரு முடிக்கும் தனியாக ஒரு நியூரான் கொத்து உண்டு, அதைப் பேரலாய்டு என்பார்கள். வளர்ந்த எலியில், அந்தக் கொத்திலுள்ள ஒரு நியூரானுக்கு மூளைத்தண்டிலிருந்து பெரும்பாலும் ஒரே ஒரு ஆக்சான்தான், அதாவது செய்தி கொண்டுவரும் நீண்ட இழைதான், வருகிறது. ஆனால் அது எங்கே வந்து உட்காருகிறது என்று பாருங்கள். செல் உடலை ஒட்டிய தடித்த டென்ட்ரைட்டில், அதாவது செய்தியை வாங்கும் கிளையில்! ஆக்சானின் முனையும் பெரியது, ஒரே முனையில் குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளை வெளியிடும் இடங்கள் பல. முதல் மின்துடிப்பிலேயே நிறையக் கொட்டிவிடும். அதனால் அடுத்தடுத்த துடிப்புகளில் பலம் குறையும்தான், ஆனாலும் நியூரானைக் கிளப்பிவிட அந்த முதல் அடியே போதும்.

கார்டெக்ஸின் ஆறாம் அடுக்கிலிருந்து வருபவை இதற்கு நேர்மாறு. முனைகள் சின்னஞ்சிறியவை, டென்ட்ரைட்டின் மெல்லிய கடைசிக் கிளைகளில் போய் உட்காரும். ஒற்றைத் துடிப்பில் பெரிதாக ஒன்றும் நடக்காது, தொடர்ந்து வந்தால்தான் பலம் ஏறும். செல்லுக்குள் வேதிவினைகள் மூலம் மறைமுகமாக வேலை செய்யும் மெட்டபோட்ராபிக் ஏற்பிகளையும் இவை தூண்டுவதால் விளைவு மெதுவாகத் தொடங்கி நெடுநேரம் நிற்கும். நரம்பியல் ஆய்வாளர்கள் ஷெர்மனும் கில்லரியும் 1998இல் முதல் வகைக்கு டிரைவர் என்றும் இரண்டாவதற்கு மாடுலேட்டர் என்றும் பெயர் வைத்தார்கள். என்ன செய்தி என்பதை டிரைவர் தீர்மானிக்கும். அதை எவ்வளவு கூட்டிக் குறைத்து அனுப்புவது என்பது மாடுலேட்டர் கையில். ஆகவே எத்தனை சினாப்ஸ் என்று எண்ணுவதை விட எங்கே, எவ்வளவு பெரியது, எப்படி வெளியிடுகிறது என்று கேளுங்கள்.

அதற்காகக் கார்டெக்ஸ் என்றாலே மாடுலேட்டர் என்று எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். விபிஎம்முக்குப் பக்கத்திலேயே பிஓஎம் என்ற பகுதி இருக்கிறது. அங்கே கார்டெக்ஸின் ஐந்தாம் அடுக்கிலிருந்து வரும் ஆக்சான்கள் ராட்சத முனைகளோடு வந்து டிரைவர் வேலை பார்க்கின்றன. அதாவது கார்டெக்ஸின் ஒரு பகுதியிடம் வாங்கியதைத் தாலமஸ் இன்னொரு பகுதிக்குக் கொடுக்க முடிகிறது. புலன் செய்தியைக் கடத்திவிடும் அஞ்சல் நிலையம் என்ற பாடப்புத்தக வர்ணனை இதற்குப் போதவே போதாது. இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்புறம், அடக்கும் சினாப்ஸ்கள். தாலமஸின் வெளிப்பக்கத்தை மெல்லிய படலமாக ரெட்டிகுலர் நியூக்ளியஸ் மூடியிருக்கிறது. அதன் நியூரான்கள் வெளியிடுவது காபா என்ற அடக்கும் வேதிப்பொருள். ஆறாம் அடுக்கிலிருந்து வரும் ஆக்சான்கள் வழியில் அதற்கும் கிளை கொடுக்கின்றன. ஆகவே அதே ஆறாம் அடுக்கு நேரடியாகத் தூண்டவும் செய்கிறது, சுற்றுவழியில் அடக்கவும் செய்கிறது. மெதுவாகத் துடித்தால் அடக்கம் மேலோங்கும், வேகமாகத் துடித்தால் தூண்டல் மேலோங்கும். சுண்டெலியின் மூளைத் துண்டுகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

சரி, மனித மூளைக்குச் சொல்லலாமா? டிரைவர், மாடுலேட்டர் என்ற பிரிவு பூனையிலும் குரங்கிலும் காணப்படுகிறது, அதனால் அதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். அடக்கும் விஷயத்தில் அப்படி முடியாது. எலியின் விபிஎம்மில் உள்ளூர் இன்டர்நியூரான்கள், அதாவது அந்தப் பகுதிக்குள்ளேயே நின்று அடக்கும் நியூரான்கள், அநேகமாக இல்லை. பார்வைக்கான தாலமஸ் பகுதியான எல்ஜிஎன்னில்தான் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கின்றன. பூனையிலும் குரங்கிலும் தாலமஸின் பெரும்பாலான பகுதிகளில் ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற அளவில் அவை உண்டு. அவற்றின் டென்ட்ரைட்டே பக்கத்து நியூரானுக்கு சினாப்ஸ் கொடுக்கும், டிரைவர் முனையும் அங்கேயே வந்து இரண்டையும் தொடும். அந்த மூவர் கூட்டணிக்கு டிரையட் என்று பெயர். எலியின் விபிஎம்மில் தேடினால் அது கிடைக்காது. அதனால் தொடு உணர்வை அடக்கும் விதம் பற்றி எலியில் செய்த ஆய்வைப் படித்தால், அங்கே அடக்குவது ரெட்டிகுலர்தான், நம்மிடம் உள்ளூரிலும் ஆள் உண்டு என்பதை நினைவில் வைத்தே படியுங்கள்.