குளிர்ல ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கணும்

வணக்கம். பேச கூப்பிட்ட நிலையத்தாருக்கும், காலையிலேயே ரேடியோவ போட்டு உக்காந்திருக்குற எல்லாருக்கும் நன்றி. நான் சென்னையில ஒரு காலேஜ்ல கடைசி வருஷம் படிக்கிறேன். செமஸ்டர் லீவுல நாங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து உத்தரகாண்ட்ல கேதார்காந்தாங்குற மலைக்கு பனி ட்ரெக்கிங் போயிட்டு வந்தோம், அத பத்தி பேச சொன்னாங்க. இடத்த பத்தி சொல்றேன், ஆனா அதுக்கு மேல எனக்கு ஒரு விஷயம் சொல்லணும்: குளிர் உடம்ப மட்டும் இல்ல, ஒரு மனுஷனோட யோசிக்குற திறமையயும் தொடும், அதனால தனக்கு என்ன ஆகுதுன்னு அந்த ஆளுக்கே தெரியாது, பக்கத்துல இருக்குற ஃப்ரெண்டுக்கு தான் தெரியும். இத காலேஜ் பசங்க எல்லாரும் கிளம்புறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

நம்ம ஊர்ல மார்கழியில 20 டிகிரி வந்தாலே மப்ளர் வெளிய வந்துடும். அப்படி வளர்ந்தவங்க நாங்க. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ஏறுனா டெல்லி போக ரெண்டு ராத்திரி, அங்கேருந்து டேராடூன், டேராடூன்லேருந்து விடியக்காலையில ஜீப் பிடிச்சா முசூரி, புரோலா, மோரி வழியா சாங்க்ரிங்குற கிராமத்துக்கு போய் சேர சாயங்காலம் ஆயிடும். வழியில பாதி நேரம் டோன்ஸ் ஆறு கூடவே வரும், யமுனையோட துணை ஆறுன்னு தான் பேரு, ஆனா ரெண்டும் சேர்ற இடத்துல யமுனைய விட இதுல தான் தண்ணி ஜாஸ்தி. கையில காசு வேணும்னா புரோலாவுலயே எடுத்துடுங்க, மோரி தாண்டினா போன் சிக்னலயும் நம்ப முடியாது. வீட்டுக்கு பேசுறவங்க அதுக்கு முன்னாடியே பேசிடுங்க, இல்லன்னா அம்மா அங்க தூங்க மாட்டாங்க.

சாங்க்ரி கிட்டத்தட்ட 6,400 அடி உயரத்துல இருக்கு, உத்தரகாசி மாவட்டம். மரமும் கல்லும் மாத்தி மாத்தி வச்சு கட்டின வீடுங்க. அந்த பக்கத்து சிவப்பு அரிசி ரொம்ப பேர் போனது, புரோலா பள்ளத்தாக்குல வெளையுறது, அத ராஜ்மாவோட போட்டு குடுத்தாங்க, நம்ம மாப்பிள்ளை சம்பா சாப்டவங்களுக்கு அந்த ருசி உடனே ஒட்டிக்கும். இங்கேருந்து மேல கோவிந்த் பசு விஹார்னு பாதுகாக்கப்பட்ட காடு, வனத்துறை பர்மிட் எடுத்து தான் போகணும், உள்ளூர் கைடு கண்டிப்பா வேணும். பைன், ஓக், தேவதாரு மரங்களுக்கு நடுவுல ஏறுனா சுமார் 9,000 அடியில ஜூடா கா தாலாப்னு ஒரு ஏரி வரும், ஜனவரியில உறைஞ்சு போய் கிடக்கும், அதுக்கு மேல சுமார் 11,000 அடியில பேஸ் கேம்ப், உச்சி 12,500 அடி. உறைஞ்ச ஏரி மேல நடந்து ரீல்ஸ் எடுக்குற பசங்கள பாத்தோம், ஐஸ் எங்க தடிமனா இருக்கு எங்க மெல்லிசா இருக்குன்னு மேலேருந்து பாத்தா யாராலயும் சொல்ல முடியாது, தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. கிறிஸ்துமஸ்லேருந்து நியூ இயர் வரைக்கும் அங்க கூட்டம் தாங்காது, பொங்கலுக்கு முன்னாடி வாரம் போனா கொஞ்சம் அமைதியா இருக்கும்.

இப்போ குளிர் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன், இது தெரிஞ்சா பாதி பயம் போயிடும். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் சராசரியா ஆறரை டிகிரி குறையும். பேஸ் கேம்ப்ல ராத்திரி மைனஸ் 10 வரைக்கும் கூட இறங்கும். அதுல காத்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சா தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி தான். காத்த விட தண்ணி சுமார் 25 மடங்கு வேகமா உடம்பு சூட்ட இழுத்துட்டு போகும், அதனால வேர்வையில நனைஞ்ச காட்டன் டீஷர்ட் தான் அங்க பெரிய எதிரி. காலேஜ் ஹூடி, ஜீன்ஸ் எல்லாம் பஸ்ஸோட சரி. உள்ள வேர்வைய வெளிய தள்ளுற துணி, அதுக்கு மேல கம்பளி இல்லன்னா ஃப்ளீஸ், மேல காத்து தடுக்குற ஜாக்கெட், இப்படி மூணு நாலா போட்டு, ஏறும்போது வேர்க்குறதுக்கு முன்னாடியே ஒண்ண கழட்டணும், நின்ன உடனே மாட்டணும். இத வெங்காயம் உரிக்குற மாதிரி பகல் முழுக்க பண்ணிட்டே இருப்போம், சலிக்காம பண்ணனும்.

ஷூவுக்கு அடியில மாட்டுற மைக்ரோஸ்பைக்ஸ், பனி உள்ள போகாம முட்டி வரைக்கும் கட்டுற கெய்ட்டர் ரெண்டும் சாங்க்ரியிலயே வாடகைக்கு கிடைக்கும், காசு குடுத்து வாங்க வேண்டாம். கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்கு இல்ல, புது பனி தன் மேல விழுற வெளிச்சத்துல பத்துக்கு எட்டு பங்க திருப்பி அடிக்கும், கண்ணாடி இல்லாம நடந்தா ராத்திரி கண்ணுல மண்ணு போட்டா மாதிரி எரியும். மூக்குக்கு அடியிலயும் சன்ஸ்கிரீன் போடணும், ஏன்னா வெயில் கீழேருந்தும் வருது.

தண்ணி பாட்டில தலைகீழா வைக்கணும்னு கைடு சொன்னார். தண்ணி மேல்பக்கத்துலேருந்து தான உறையும், அப்போ தலைகீழா வச்சா மூடி பக்கம் கடைசியா தான் உறையும், காலையில திறந்து குடிக்கலாம். ராத்திரி சுடுதண்ணிய பாட்டில்ல ஊத்தி காலுக்கு கீழ வச்சுட்டு ஸ்லீப்பிங் பேக்ல படுக்கணும், போனும் பவர் பேங்கும் கூடவே உள்ள தூங்கணும், குளிர்ல பேட்டரி சட்டுன்னு இறங்கிடும். நாம விடுற மூச்சு டென்ட் உள்பக்கத்துல உறைஞ்சு, விடியக்காலையில யாராவது அசைஞ்சா மூஞ்சியில பொடி பொடியா கொட்டும்.

பொண்ணுங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும், ரேடியோல சொல்லலாமான்னு யோசிச்சேன், சொல்லியே ஆகணும். ராத்திரி மைனஸ்ல டென்ட்ட விட்டு வெளிய பாத்ரூம் போகணுமேன்னு நம்மள்ல நிறைய பேர் மத்தியானத்துலேருந்தே தண்ணி குடிக்குறத நிறுத்திடுவோம். அந்த உயரத்துல காத்து வறண்டு கிடக்கும், மூச்சு வழியா மட்டுமே நிறைய தண்ணி போகும், குடிக்கலன்னா தலைவலி வரும், அசதி வரும், அது தண்ணி பத்தாததால வந்ததா உயரத்தால வந்ததான்னு பிரிச்சு சொல்லவும் முடியாம போயிடும். எங்க கூட்டத்துல நாங்க ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம், ராத்திரி யாரு எழுந்தாலும் பக்கத்துல இருக்குறவள எழுப்பணும், ரெண்டு பேரா தான் போகணும், எழுப்புனதுக்கு யாரும் முறைக்க கூடாது. அப்புறம் எல்லாரும் நிம்மதியா குடிச்சோம்.

12,500 அடியில காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்குறதுல சுமார் 63 சதவீதம் தான், அதாவது ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ள போற ஆக்சிஜனும் அந்த அளவு தான். நல்லா ஓடுறவன், ஜிம்முக்கு போறவன்னு அது பாக்காது. எங்கள்ல என் ரூம்மேட் தான் நல்ல ஸ்டாமினா உள்ளவ, காலேஜ் கிரவுண்ட்ல 5 கிலோமீட்டர் எங்க எல்லாரையும் முந்தி ஓடுவா, பறங்கிமலை படிக்கட்டு ப்ராக்டிஸ்ல எங்கள திரும்பி பாத்து சிரிப்பா. பேஸ் கேம்ப் வந்த மத்தியானம் அவ சாப்பாட்டு தட்ட தள்ளி வச்சா. தலைவலின்னு சொன்னா. கொஞ்ச நேரத்துல வாந்தி. "எனக்கு ஒண்ணும் இல்லடி, பஸ்ல வந்த களைப்பு, தூங்குனா சரியாயிடும்"னு அவளே சொல்றா, கேக்குறதுக்கு நியாயமா தான் இருக்கு, ரெண்டாயிரத்து சொச்சம் கிலோமீட்டர் வந்துட்டு உச்சிக்கு முந்தின நாள் யாருக்கு தான் இறங்க மனசு வரும். தலைவலியோட பசியின்மை, வாந்தி, தலைசுத்தல் எதாவது சேர்ந்தா அது உயர நோய்னு எடுத்துக்கணும், அதுக்கு மேல ஏறக்கூடாது, கூடிட்டே போனா இறங்கிடணும், முன்னூறு மீட்டர் இறங்குனாலே பல பேருக்கு தெளிஞ்சுடும். அத கண்டுக்காம ஏறுனா நுரையீரல்லயோ மூளையிலயோ நீர் கோத்துக்கும், அது உயிருக்கே ஆபத்து. கைடு அவ விரல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோ இருக்குன்னு காட்டுற ஆக்சிமீட்டர மாட்டி பாத்தார், அவள நாலு அடி நடக்க சொல்லி பாத்தார், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கணும்னு சொல்லிட்டார். அவ அழுதா. எங்க கூட்டத்துல ஒருத்தன் ஒரு வார்த்தை பேசாம தன்னோட பேக்க கட்டி, "வா, நானும் வரேன், ஏரிகிட்ட போய் மேகி சாப்பிடலாம்"னு கிளம்பிட்டான். அவன் இந்த ட்ரிப்புக்காக ஒரு வருஷமா ட்யூஷன் எடுத்து காசு சேத்தவன். ஏரி கேம்ப்புக்கு போன கொஞ்ச நேரத்துல அவளுக்கு தலைவலி விட்டுடுச்சு, ராத்திரி அவ ரெண்டு தட்டு சாப்பிட்டதா அப்புறம் தெரிஞ்சுது. உச்சியில நின்ன எங்க எல்லாரையும் விட அவன் பண்ணது தான் எனக்கு பெருசு, இத நான் எங்கயும் சொல்லுவேன்.

மத்தவங்க ராத்திரி மூணு மணிக்கு ஹெட்லேம்ப் போட்டு கிளம்பினோம், சூரியன் ஏறுனா பனி இளகி வழுக்கும், அதுக்குள்ள ஏறி இறங்கிடணும். பாதி வழியில ஒருத்தனோட கையுறை நனைஞ்சிருக்கு, அவன் சொல்லவே இல்ல. முதல்ல பேச்ச குறைச்சான், நாங்க மூச்சு வாங்குறான்னு நினைச்சோம். அப்புறம் கால் தடுக்க ஆரம்பிச்சுது, ஜாக்கெட் ஜிப்ப பிடிக்க விரல் வரல, "என்னடா ஆச்சு"ன்னு கேட்டா காரணமே இல்லாம கோவப்பட்டான், வார்த்தை குழறுச்சு. கிளம்புறதுக்கு முந்தின சாயங்காலம் கைடு எங்களுக்கு சொல்லி குடுத்தது அப்படியே இது தான். உடம்போட உள்சூடு 35 டிகிரிக்கு கீழ போறப்போ முதல்ல நடுக்கம் வரும், அப்புறம் இந்த தடுமாற்றமும் கோவமும் குழறலும் வரும், நடுக்கம் தானா நின்னு போச்சுன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, நிலைமை மோசமாயிடுச்சுன்னு அர்த்தம். அவனுக்கு அப்போ நடுக்கம் இருந்துது, அது நல்லது. காத்து படாத ஒரு பாறை பக்கம் உக்கார வச்சு, ஈர கையுறைய கழட்டி, கைய என் அக்குள்ல வச்சு சூடு குடுத்து, வேற காஞ்ச கையுறை, இன்னொரு ஜாக்கெட், நிறைய சர்க்கரை போட்ட டீ. விரல பனியால தேய்க்கக்கூடாது, நெருப்புல காட்டக்கூடாது, மரத்துப்போன தோலுக்கு சுடுறதே தெரியாது. கொஞ்ச நேரத்துல எங்கள திட்ட ஆரம்பிச்சான், தெளிவா, முழு வாக்கியமா. அதுக்கப்புறம் தான் ஏறினோம்.

உச்சியில சிவனுக்கு ஒரு சின்ன கல்லு மேடை இருக்கு. சூரியன் வந்தப்போ ஸ்வர்காரோஹிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் மலைங்க எல்லாம் ஒண்ணு ஒண்ணா செவந்து, அப்புறம் தங்கமாகி, அப்புறம் வெள்ளையாச்சு. கொஞ்ச நேரம் யாரும் போட்டோவே எடுக்கல.

கேம்ப்ஃபயர்ல ரம் போட்டா சூடா இருக்கும்னு சீனியருங்க சொல்லி அனுப்புவாங்க. சூடு மாதிரி தோணும், ஏன்னா தோலுக்கு பக்கத்துல இருக்குற ரத்தக்குழாய் விரியும், அந்த வழியா உள்ள இருக்குற சூடு தான் வெளிய போகுது. அதே மாதிரி மூடின ரூம்லயோ டென்ட்லயோ கரி அடுப்பு வச்சுட்டு தூங்காதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே கொண்டு போயிடும். இது ஊட்டி, கொடைக்கானல் ரூமுக்கும் சேத்து தான் சொல்றேன்.

குளிர் காலத்துல மட்டும் தான் இந்த ஆபத்துன்னும் நினைக்காதீங்க. 2024 ஜூன்ல இதே உத்தரகாசி பக்கம் சஹஸ்த்ரதால்ங்குற மலை ஏரிக்கு போன கர்நாடகா ட்ரெக்கர்ஸ் கூட்டம் பனிப்புயல்ல மாட்டி 9 பேர் இறந்து போனாங்க. நம்ம பக்கத்துல 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில 23 பேர இழந்தோம். அவங்கள நினைக்காம நான் பேக் கட்டுறதே இல்ல. வழி, பர்மிட், வானிலை, திரும்ப வேண்டிய நேரம், இதெல்லாம் யாரோ ஒருத்தர் பாத்துப்பாங்கன்னு விட முடியாது, கூட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

அவ்ளோ தூரம் போக காசு இல்லன்னா நம்ம ஊர்லயே ஆரம்பிங்க. 2024 அக்டோபர்லேருந்து வனத்துறை ட்ரெக் தமிழ்நாடுன்னு 14 மாவட்டத்துல 40 பாதைய திறந்து, பயிற்சி எடுத்த உள்ளூர் ஆளுங்களயே கைடா கூட அனுப்புறாங்க, ஆன்லைன்ல புக் பண்ணலாம், காட்டுத்தீ சீசன்ல மூடிடுவாங்க. ஜனவரியில ஊட்டிக்கு போய் விடியக்காலையில தலைகுந்தா புல்வெளிய பாருங்க, மேகம் இல்லாத, காத்து அடிக்காத ராத்திரியில தரையோட சூடு எல்லாம் வானத்துக்கு போயிடும், கனமான குளிர் காத்து பள்ளத்துல இறங்கி தங்கிடும், புல்லு மேல உப்பு கொட்டுனா மாதிரி உறைபனி பூத்து நிக்கும்.

என் ரூம்மேட் திரும்பி வந்த ரயில்லயே அடுத்த ட்ரிப் பத்தி பேச ஆரம்பிச்சுட்டா. இந்த தடவை சாங்க்ரியில கூட ஒரு நாள் தங்கி, ஏரி கேம்ப்லயும் ஒரு நாள் சும்மா இருந்து உடம்ப பழக்கிட்டு தான் மேல போறதா பிளான் போட்டிருக்கா. அவ கூட இறங்குனவனுக்கு டிக்கெட் காசு நாங்க எல்லாரும் சேர்ந்து போடுறோம், அவன் வேணாம்னு சொல்லிட்டிருக்கான், நாங்க கேக்குறதா இல்ல. கேட்டுட்டிருந்த எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.